மழைக்காலமும் மன அமைதியும்



கனடாவில் வாழும் என் தங்கை ஒவ்வோர் அக்டோபரிலும் எனக்குப் படங்கள் அனுப்புவாள். சிவப்பும் மஞ்சளுமாய் மாறிய இலைகள், அவை உதிர்ந்து கிடக்கும் நடைபாதை, சன்னலோரத்தில் ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பை. "இலையுதிர் காலம் வந்துவிட்டது ராத்தா, நீங்களும் கொஞ்சம் ஓய்வெடுங்கள்" என்று கீழே எழுதியிருப்பாள். படித்துவிட்டு நான் சிரித்துக்கொள்வேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் வேம்பு இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். அக்டோபரிலும் நவம்பரிலும் நமக்கு வருவது ஐப்பசியும் கார்த்திகையும். பழந்தமிழர் அவ்விரு திங்களையும் கூதிர்காலம் என்று அழைத்தனர். காயல்பட்டினத்தில் இருக்கும் எங்களுக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம்.

சிறு வயதில் எனக்கு மிகவும் பிடித்த பருவம் அதுதான். மழை பெய்யும் மாலைகளில் அடுப்படியில் வாடா பொரியும் மணம், முற்றத்தில் விழும் நீரின் ஓசை, மின்சாரம் போனதும் கூடத்தில் எல்லோரும் ஒன்றாகக் கூடும் மகிழ்ச்சி. ஆனால் 2023க்குப் பிறகு, மழை என்ற சொல்லே எங்கள் வீட்டில் அச்சத்தைக் குறிப்பதாக மாறிவிட்டது.

அந்த ஆண்டு டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தொடங்கிய மழை நிற்கவேயில்லை. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் எங்கள் ஊரில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறக்குறைய 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டதைப் பலரும் அறிந்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிக்குக் கூடத்துக்குள் நீர் புகுந்தது. கணவர் சவூதியில் இருந்தார். எழுபத்தாறு வயது உம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து மச்சுக்கு ஏற்றினேன். மகளையும் மகனையும் ஏற்றினேன். குர்ஆன்களையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டேன். கட்டிலுக்கு அடியில் இருந்த வாப்பாவின் தகரப் பெட்டி அப்போது என் நினைவில் இல்லை. வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் உம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. நீர் வடிந்தபின் திறந்து பார்த்தபோது மை முழுவதும் கரைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கூழாகிக் கிடந்தன. உம்மா ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மூடிவிட்டு, "உயிர் தந்தானே, அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் அழுதிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு ஐப்பசி வந்தது. மேகம் இருண்டாலே உம்மா தரையில் இருக்கும் பொருள்களையெல்லாம் கட்டிலின்மீது எடுத்து வைக்கத் தொடங்குவார்கள். இடி இடித்தால் இரவு முழுவதும் விழித்திருப்பார்கள். நானும் உறங்கவில்லை. கைப்பேசியில் வானிலைப் படத்தை நள்ளிரவில் ஐந்து முறை, ஆறு முறை திறந்து பார்ப்பேன். பகலில் சிறு காரியத்துக்கும் பிள்ளைகள்மீது எரிந்து விழுந்தேன். தொழுகையில் நிற்கும்போதுகூட, ஓட்டின்மீது விழும் துளிகளின் வேகத்தைத்தான் செவி அளந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அஸருக்குப் பின் மழை தூறியது. மகள் முற்றத்தில் இறங்கி, முகத்தை வானத்துக்குக் காட்டி நின்றாள். "உள்ளே வா" என்று நான் கத்திய கத்தலில் பிள்ளை நடுங்கிப்போனாள். உள்ளே வந்து ஈரத் தலையோடு நின்றவள், மெல்லச் சொன்னாள்: "ரசூலுல்லாஹ் மழையிலே நின்னாங்கன்னு மத்ரசாவிலே சொல்லித் தந்தாங்க உம்மா."

எனக்கு அந்த ஹதீஸ் தெரியாததன்று. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருவது. தோழர்களோடு இருந்தபோது மழை பொழிய, நபி (ஸல்) அவர்கள் தம் மேனியில் துளிகள் படும்படி ஆடையைச் சற்று விலக்கிக்கொண்டார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, அது இப்போதுதான் தன் இறைவனிடமிருந்து வருகிறது என்ற கருத்தில் விடை தந்தார்கள். பலமுறை கேட்ட செய்திதான். ஆனால் அன்று ஒரு பத்து வயதுப் பிள்ளை நனைந்த முகத்தோடு சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றிரவு மழை பற்றிய நபிமொழிகளைத் தேடிப் படித்தேன். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்தியது. வானில் மேகம் திரண்டாலோ காற்று வீசினாலோ நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும். வீட்டுக்குள் வருவார்கள், வெளியே போவார்கள். மழை பொழிந்த பின்னரே அந்தக் கலக்கம் நீங்கும். ஆது கூட்டத்தார் மேகத்தைக் கண்டு மழை வருகிறதென்று மகிழ்ந்திருக்க, அதில் வேதனை வந்ததை அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மற்றொரு முறை, பல நாள் ஓயாத மழையால் உடைமைகள் அழிகின்றன என்று ஒருவர் ஜும்ஆவின்போது எழுந்து முறையிட, எங்களைச் சுற்றிப் பொழியட்டும், எங்கள்மீது வேண்டாம் என்னும் பொருளில் துஆ செய்தார்கள்.

ஆகவே, அஞ்சுவது ஈமானின் குறைவன்று என்று எனக்கு விளங்கியது. மேகத்தைக் கண்டு கலங்கிய அதே திருமேனிதான் மழைத்துளிக்காக ஆடையை விலக்கிக்கொண்டது. நானோ அச்சத்தை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, மற்றதைக் கதவடைத்து வெளியே நிறுத்தியிருந்தேன். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு, கண்ணுக்கும் உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) நினைவூட்டிய செய்தியும் அப்போது நெஞ்சில் தைத்தது. உறங்காத என் கண்களும் உம்மாவின் கண்களும் கியாமத்தில் என்ன முறையிடும் என்று எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் முதல் சிலவற்றைச் செய்யத் தொடங்கினோம். பெரிய திட்டம் எதுவும் இல்லை. செலவும் இல்லை. நம் சகோதரிகளுக்குப் பயன்படலாம் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் முன்னேற்பாட்டைச் செய்து முடித்தோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்பது நமக்கு வந்த பாடம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், நகைச் சீட்டு, உம்மாவின் மருந்துகள், டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டி ஆகியவற்றை நெகிழிப் பைகளில் கட்டி மச்சில் ஒரு மூலையில் வைத்தோம். குர்ஆன்களையும் பழைய படங்களையும் மேல்தட்டுக்கு மாற்றினோம். அந்த வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டது. அதுவரை நாள்தோறும் மனத்துக்குள் நூறு முறை செய்துகொண்டிருந்ததை ஒருமுறை கையால் செய்து முடித்தபோது, பாதிச் சுமை இறங்கியது.

அடுத்தது கைப்பேசி. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் ஆறு மணிக்கு முன்பே மஃரிப் பாங்கு ஒலித்துவிடும். ஏழு மணியளவில் இஷா. கோடையைவிட மாலை சுருங்கிவிடுகிறது, இரவு நீண்டுவிடுகிறது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலான அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் கைப்பேசியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். வானிலை அறிவிப்பைக் காலையில் ஒருமுறை, இஷாவுக்குப் பின் ஒருமுறை மட்டும் பார்ப்பேன். எச்சரிக்கை இருந்தால் அதற்குரியதைச் செய்வேன். இல்லையென்றால் கைப்பேசி அடுப்படி அலமாரிக்குப் போய்விடும்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் போர்வை தைத்தோம். வாப்பாவின் பழைய சாரங்கள் சில மச்சில் ஒரு மூட்டையில் இருந்ததால் தப்பியிருந்தன. உம்மா அவற்றைத் துவைத்து, சதுரம் சதுரமாக வெட்டித் தந்தார்கள். நானும் மகளும் கைத்தையல் போட்டோம். ஊசியில் நூல் கோப்பது மகளின் வேலை. தைக்கும்போது உம்மா பேசினார்கள். கொழும்பிலிருந்து வந்த கடிதங்களில் வாப்பா என்ன எழுதினார், எந்தப் பெருநாளுக்கு எந்தத் துணி அனுப்பினார், கடிதம் வரத் தாமதமான மாதங்களில் தாம் எப்படிக் காத்திருந்தார் என்றெல்லாம் சொன்னார்கள். கடிதங்கள் போனபின் அவற்றைப் பற்றி உம்மா பேசியது அதுவே முதல்முறை. ஒருநாள் தையலை நிறுத்திவிட்டு அழுதார்கள். பத்து மாதங்கள் காத்திருந்த அழுகை அது. மகள் எதுவும் கேட்காமல் அவர்கள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். உம்மா சொன்ன செய்திகளை இப்போது ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். அதற்கு இடம் மச்சில்தான்.

ஊசியும் நூலும் பழகாதவர்கள் வேறு எதையேனும் கையில் எடுத்துக்கொள்ளலாம். கீரை ஆயலாம், பூத் தொடுக்கலாம், பிள்ளைகளோடு சித்திரம் தீட்டலாம். கைக்கு ஒரே அசைவு திரும்பத் திரும்பக் கிடைக்கும்போது, மனம் தானாக அடங்குகிறது. நாவில் திக்ரும் இயல்பாக வந்து அமர்ந்துகொள்கிறது.

மூன்றாவது கஞ்சி. தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சி நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தருவது, துயரத்தைச் சற்றே போக்குவது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமிருந்து அறிவிப்பது புகாரியில் உள்ளது. மரணம் நிகழ்ந்த வீட்டில், வந்தவர்கள் கலைந்தபின் குடும்பத்துப் பெண்களுக்கு அதைச் சமைத்துக் கொடுக்கச் சொல்வார்களாம். நோன்புக் கஞ்சியோடு வளர்ந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். இரண்டு மேசைக்கரண்டி வாற்கோதுமை மாவை ஒரு குவளை நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பத்து, பதினைந்து நிமிடம் கிண்டவேண்டும். கெட்டியானதும் பால் சேர்த்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் தேன் கலக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேனைத் தவிர்த்து உப்பு போட்டுக் குடிக்கலாம்; உம்மாவுக்கு அப்படித்தான் தருகிறேன். அதை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுவது என் வழக்கமாக இருந்தது. இப்போது திண்ணையில் உம்மாவோடு அமர்ந்து, குவளை காலியாகும்வரை எழுவதில்லை. வீட்டுப் பெண்கள் அமர்ந்து உண்பது நம்மில் எத்தனை வீடுகளில் நடக்கிறது என்பதை ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது மண்ணும் செடியும். ஈர மண்ணில் முருங்கைக் கொம்பு ஒன்றை ஊன்றினோம். உடைந்த வாளிகளின் அடியில் துளையிட்டு மண் நிரப்பிக் கீரை விதைத்தோம். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியை மகன் ஒரு காகிதத்தில் எழுதி வாளியில் ஒட்டினான். அடுத்த மழை அதைக் கரைத்துவிட்டது, கீரை முளைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் குளிப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி நீர் தேங்கிய சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்க்கிறோம். டெங்கு பரப்பும் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. ஒரு வாரத்துக்கு ஒருமுறை நீரைக் கொட்டினால் அது வளர வழியில்லை.

ஐந்தாவது, மழை ஓய்ந்த மாலைகளில் கடற்கரை. அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, மஃரிபுக்குள் திரும்பிவிடுவோம். முதல் இரண்டு முறை உம்மா வரமறுத்தார்கள். மூன்றாம் முறை வந்து, ஈர மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். கடல் கலங்கிய நிறத்தில் இருந்தது. "அன்னைக்கு வந்த தண்ணியெல்லாம் இங்கேதான் வந்திருக்கும், இல்லையா மகளே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வேறொன்றும் பேசாமல் அரைமணி நேரம் நின்றோம்.

ஆறாவது உறக்கம். இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. நீண்ட இரவு உள்ள இந்தப் பருவத்தில் அந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பது எளிது. ஒன்பதரை மணிக்குப் படுத்தால் நான்கு மணிக்கு இயல்பாக விழிப்பு வருகிறது. ஃபஜ்ருக்கு முன் இரண்டு ரக்அத் தொழ நேரம் கிடைக்கிறது. உறக்கமின்றிச் சுழன்ற அதே இரவு நேரம், ஓய்வெடுத்த உடலோடு எழுந்து நிற்கும்போது வேறொன்றாக இருக்கிறது. களாவான நோன்புகளை நோற்கவும் இந்த மாதங்கள் ஏற்றவை. நம் ஊரில் ஜூன் மாதப் பகலைவிட டிசம்பர்ப் பகல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைவு; வெயிலும் தணிந்திருக்கும்.

முதல் தூறல் விழுந்ததும் முற்றத்தில் இறங்கி நிற்பதை இறுதியாகச் சொல்கிறேன். எனக்கு மிகக் கடினமாக இருந்தது அதுதான். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். முதல்நாள் கையை மட்டும் நீட்டினேன். பயனுள்ள மழையாக்கு என்னும் துஆவை அவள் உரக்கச் சொல்ல, நானும் சொன்னேன். பிறகு ஒருநாள் நெற்றியில் துளி விழ நின்றேன். உம்மா திண்ணையில் அமர்ந்தபடி, முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு வலக்கையை மழையில் நீட்டினார்கள்.

இவற்றால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பர் நடுவிலும் தென்மாவட்டங்களில் கனமழை பெய்தது. அன்றிரவு எனக்கு மார்பு படபடத்தது. எழுந்து கூடத்துக்குப் போனேன். உம்மா விழித்துத்தான் இருந்தார்கள். ஆனால் பொருள்களை எடுத்துக் கட்டிலில் வைத்துக்கொண்டிருக்கவில்லை. சாரத் துணிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். "பை மேலேதானே இருக்கு?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். "அப்போ இங்கே வந்து உக்காரு" என்று போர்வையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்கள். சுற்றிப் பொழியட்டும், எங்கள்மீது வேண்டாம் என்ற துஆவை இருவரும் சேர்ந்து ஓதினோம். எப்போது உறங்கினேன் என்று தெரியாது. ஃபஜ்ர் பாங்கு கேட்டுத்தான் விழித்தேன். கூடத்தில் நீர் புகவில்லை.

சகோதரிகளே, தன்னைப் பேணிக்கொள்வது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பிள்ளைகளும் முதியோரும் உள்ள வீட்டில் நாம் அமர்ந்து ஒரு குவளை கஞ்சி குடிப்பதே தன்னலம் போலத் தோன்றுகிறது. ஆனால் உறங்காத தாய் தன் பிள்ளைக்குத் தருவது அச்சத்தை மட்டுமே என்பதை, முற்றத்தில் நடுங்கி நின்ற என் மகளின் முகத்தில் கண்டேன். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இவ்வுடலும் ஓர் அமானிதம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளத்தாலோ இழப்பாலோ ஏற்பட்ட கலக்கம் மாதக்கணக்கில் நீங்காமல், உறக்கமும் உணவும் கெட்டுப்போனால், மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள். காய்ச்சலுக்கு மருந்து உண்பது தவக்குலுக்கு எதிரானதன்று. மனத்துக்கும் அதுவே சட்டம்.

இந்த ஆண்டும் ஐப்பசி வரும், இன்ஷா அல்லாஹ். தங்கை இலைகளின் படத்தை அனுப்புவாள். இம்முறை நானும் ஒரு படம் அனுப்பலாம் என்றிருக்கிறேன்: முற்றத்து முருங்கை, அதன் கீழே கை நீட்டி நிற்கும் உம்மா.

அல்லாஹ் நமக்குப் பயன் தரும் மழையைப் பொழிவானாக. அதன் தீங்கிலிருந்து நம் வீடுகளையும் ஊர்களையும் காப்பானாக. அஞ்சிய உள்ளங்களுக்கு அமைதி அருள்வானாக. ஆமீன்.